பெயரும் தூரமும்

குறியீடு என்ற சொல்லை நம் சிற்றேடுகள் வேண்டிய அளவுக்கு மேலேயே உபயோகித்துவிட்டன. படிமம் எது, குறியீடு எது என்று நாம் நடத்திய விவாதங்களில் சில பயனுள்ளவை. பல, விவாதித்தவர்களின் படிப்பை விளம்பரப்படுத்த மட்டுமே உதவியவை. ஆகவே, கம்ப்யூட்டரின் அடித்தளத்தில் வேலை செய்கிற என் கல்லூரி அறைத்தோழன், தான் ஒரு வாரமாக 'சிம்பல் டேபிள்' ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. குறியீடுகளுக்கு ஓர் அட்டவணை! பிரெஞ்சுக் கவிகள் யாராவது கேட்டிருக்க வேண்டும். அவன் சிரிக்கவில்லை. "உங்க குறியீடு இல்லடா இது. வெறும் பேரு. பேரும், அது இருக்கிற இடமும். ஆனா பேரை வச்சுக்கிட்டு எவ்வளவு தப்பு பண்ணலாம்னு இதைப் பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றான்.

இந்தக் கட்டுரை அவன் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றியது. கேள்வியை இப்படி வைத்துக்கொள்கிறேன். ஒரு தவறு நடந்திருக்கிறது. நடந்த இடம் தெரிகிறது. செய்தது யார் என்று நேராகத் தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லலாமா?

விஷயத்தை முதலில் அதனுடைய இடத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். உவமைக்கு அவசரப்படுவது விமர்சகனின் தொழில்வியாதி.

கம்ப்யூட்டரில் ஓடும் எல்லாப் புரோகிராம்களுக்கும் அடியில், இயந்திரத்தை நேராகக் கையாண்டுகொண்டு, மற்றவற்றுக்கு நேரத்தையும் நினைவகத்தையும் பங்கிட்டுக் கொடுக்கும் புரோகிராம் ஒன்று இருக்கிறது. அதைக் கெர்னல் என்கிறார்கள். அதை எழுதுகிறவர்கள் ஆயிரக்கணக்கான சிறு பகுதிகளாகப் பிரித்து எழுதுகிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர் உண்டு. பெயர் எழுதுகிறவனுக்கும் படிக்கிறவனுக்கும்தான். இயந்திர பாஷைக்கு மாறிய பிறகு ஒரு பகுதி இன்னொன்றைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அது இருக்கும் இலக்கத்துக்கு நேரே தாவுகிறது. பெயர்கள் எல்லாம் உதிர்ந்து, இலக்கங்கள் மட்டுமே மிஞ்சிய உலகம் அது. வேலை நன்றாக நடக்கிறவரை அங்கே யாருக்கும் பெயர் தேவையில்லை.

தேவை எப்போது வருகிறதென்றால், கெர்னல் விழும்போது. விழுந்த கணத்தில் இயந்திரம் எந்த இலக்கத்தில் நின்றது என்பது மட்டும் தெரியும். அந்த இலக்கத்தை மனிதர் படிக்கக்கூடிய பெயராக மாற்றித் தருகிற கருவி டிபக்கர். அதற்காகவே, பகுதிகளைக் கோத்து ஒரே புரோகிராமாக்கும்போது, இன்ன பெயர் இன்ன இலக்கத்தில் ஆரம்பிக்கிறது என்று ஒரு பட்டியலும் எழுதிவைக்கப்படுகிறது. அதுதான் சிம்பல் டேபிள். யூனிக்ஸின் ஆரம்பகாலப் பட்டியலில் ஒரு பெயருக்கு 8 எழுத்துகள்தான் இடம். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் ஸ்டீஃபன் போர்ன் எழுதிய ஏ.டி.பி. என்ற டிபக்கர் இப்படிப்பட்ட குட்டைப் பெயர்களோடுதான் குடித்தனம் நடத்தியது. இன்று லினக்ஸ் கெர்னலின் பட்டியலில் சாதாரணமாகவே ஒரு லட்சத்துக்கு மேல் பெயர்கள் இருக்கின்றன. 2022-இல் ஒரு பெயரின் உச்ச நீளத்தை 128 எழுத்திலிருந்து 512-ஆகக் கூட்டினார்கள். பெயர்கள் நீண்டிருக்கின்றன. ஆனால் பெயர் கண்டுபிடிக்கிற விதி மாறவில்லை.

அந்த விதி இது. ஏ.டி.பி.யின் பட்டியலிலும் சரி, இன்றைய லினக்ஸ் கெர்னல் தன்னுள்ளேயே சுமந்துகொண்டிருக்கும் பட்டியலிலும் சரி, ஒரு பெயர் எங்கே ஆரம்பிக்கிறது என்று எழுதியிருக்கிறது. எங்கே முடிகிறது என்று எழுதியிருக்கவில்லை. ஆகவே விழுந்த இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குச் சமமான அல்லது அதற்கு முந்திய இலக்கங்களில் மிக நெருங்கியது எது என்று தேடு. அதன் பெயரைச் சொல். எவ்வளவு தள்ளி என்பதையும் கூடச் சொல்.

உதாரணமாக, 'அ' என்ற பகுதி 4000-இல் ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் அடுத்த பெயர் 'ஆ', 4600-இல். கெர்னல் விழுந்தது 4512-இல். டிபக்கர், 'அ கூட்டல் 512' என்று அச்சிடும். லினக்ஸாக இருந்தால் 'அ'வின் மொத்த நீளம் 600 என்றும் சேர்த்துச் சொல்லும். அந்த 600 அளந்து பார்த்த நீளமில்லை. அடுத்த பெயர்வரை இருக்கும் தூரம்.

இப்போது, 4300-க்கும் 4600-க்கும் நடுவே இன்னொரு பகுதி இருந்து, அதன் பெயர் பட்டியலில் இல்லாமல் போயிருந்தால்? அப்படி நடப்பதுண்டு. இடத்தை மிச்சம் பிடிக்கப் பெயர்களை நீக்குகிறார்கள். சில நிறுவனங்கள், வெளியார் அழைக்க வேண்டிய வாசல்களின் பெயர்களை மட்டும் விட்டுவிட்டு, உள்ளே உழைக்கும் பகுதிகளின் பெயர்களைத் துடைத்து விற்கின்றன. விண்டோஸின் டிபக்கர் இப்படி வாசல் பெயர்கள் மட்டும் கிடைக்கிறபோது, உள்ளே வெகு ஆழத்தில் நடந்ததையும் ஏதோ ஒரு வாசலின் பெயரில்தான் காட்டும். நம் உதாரணத்தில், 'அ' 4300-லேயே முடிந்துவிட்டது. 4512-இல் நின்றவன் வேறு ஆள். ஆனால் அறிக்கையில் 'அ'வின் பெயர்தான் வரும். பெயரில்லாதவனின் இடம் முழுவதும் பெயருள்ள முந்தையவன் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

"அப்படின்னா உங்க டிபக்கர் பொய் சொல்லுது" என்றேன்.

"இல்ல. 'அ'ன்னு மட்டும் சொன்னா பொய். கூட்டல் 512-னும் சொல்லுதுல்ல? அதைப் படிக்காம 'அ'ங்கிறதை மட்டும் படிக்கிறவன்தான் பொய் சொல்றான்."

அன்று இரவு வீட்டுக்கு வந்தபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் கெர்னல் அல்ல.

*

நான் ஒரு பேங்கில் குமாஸ்தா. 2018-இல் வேறொரு கிளையில் இருந்தேன். அங்கே ஒருநாள் பென்ஷன்காரர் ஒருவருடைய 38,000 ரூபாய், கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறி, முன்பின் தெரியாத இன்னொருவர் கணக்கில் போய் விழுந்தது. அவர் அன்று மாலையே ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டார். பிறகு அந்தப் போன் நம்பரும் எடுக்கவில்லை, விலாசத்திலும் ஆளில்லை. கம்ப்யூட்டரில் பார்த்தபோது அந்தப் பதிவு எங்கள் கிளையின் சீனியர் குமாஸ்தா ஒருவருடைய ஐ.டி.யில் இருந்தது. கடைநிலை ஊழியராகச் சேர்ந்து பரீட்சை எழுதி மேலே வந்தவர். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. அவரை நான் மேடம் என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார்.

மேனேஜர் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். பி.ஏ. இங்கிலீஷ் படித்தவன் என்பதால் எந்தக் கிளையிலும் இந்த வேலை எனக்கே வந்து சேரும். எழுதினேன். 'இந்தப் பதிவு இன்னாருடைய ஐ.டி.யில் செய்யப்பட்டுள்ளது' என்று, நான் எழுதியவற்றிலேயே தெளிவான வாக்கியங்களில் ஒன்று. அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

எழுதும்போது என் முன்னால் இருந்த காகிதத்தில் நேரமும் இருந்தது. அந்த அம்மாள் தாமே செய்ததாகச் சொன்ன கடைசிப் பதிவு 1.10-க்கு. அதன்பின் சாப்பிடப் போனார், லாக்-அவுட் செய்யவில்லை. அது அவர் தவறு, அதை அவர் மறுக்கவும் இல்லை. தவறான பதிவு 1.32-க்கு. நடுவே 22 நிமிஷம். திறந்து கிடந்த கம்ப்யூட்டரில் நிலுவை வவுச்சர்களைப் போட்டுத்தள்ளுவது அந்தக் கிளையில் எல்லோரும் செய்கிற காரியம். அந்த 22 நிமிஷத்தில் அந்தக் கவுண்டருக்குள் போய்வந்தவர்கள் நான்கு பேர். நானும் ஒருவன்.

நான் அதைச் செய்யவில்லை. ஆனால் என் பெயர் அறிக்கையில் வராததற்குக் காரணம், நான் செய்யவில்லை என்பது அல்ல. அந்தப் பட்டியலில் அந்த நேரத்துக்கு என் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

'சிஸ்டத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான்' என்றார் மேனேஜர். 22 நிமிஷத்தை நான் எழுதவில்லை. எழுதாதே என்று யாரும் சொல்லவில்லை. எழுதினால் வாக்கியம் குழப்பமாகும் என்று தோன்றியது. தெளிவு கெடும் என்று தோன்றியது. அந்தத் தொகை அவருடைய சம்பளத்தில் தவணையாகப் பிடிக்கப்பட்டது. இடமாற்றமும் வந்தது. போகிற அன்று என்னிடம் வந்து, "நீங்கதானே தம்பி எழுதினது? படிச்சுக் காட்டினாங்க. இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

'அ கூட்டல் 512' என்பதிலிருந்து கூட்டல் 512-ஐ நான் அழித்தேன். என் குற்றம் இவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆறு வருஷமும், ஒரு நண்பனின் தொழிலும் தேவைப்பட்டன.

*

டிபக்கர் எழுதியவர்கள் தார்மீகவாதிகள் அல்ல. தங்கள் நேரம் வீணாகாமல் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் கவலை. அப்பாவியைப் பிடித்து நாலு நாள் விசாரித்தால் தவறு திருந்தாது, மறுநாளும் கெர்னல் விழும். சௌகரியத்துக்காகப் பிடித்த ஆளைக்கொண்டு அவர்களால் கணக்கை முடிக்க முடியாது. நம்முடைய ஸ்தாபனங்களால் முடியும். இந்த நிர்ப்பந்தத்தால் அவர்கள் சில பழக்கங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அவற்றை நண்பன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நீதிநூல்களில் நான் காணாத ஓர் ஒழுக்கம் அவற்றில் இருப்பதாக எனக்குப் பட்டது.

முதலாவது, தூரத்துக்கு ஓர் எல்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மாக் கெர்னலிலிருந்து வந்து, பி.எஸ்.டி. யூனிக்ஸ் வகைகளில் குடியேறிய டி.டி.பி. என்ற டிபக்கர் இருக்கிறது. அதில், நெட்பி.எஸ்.டி.யின் கையேடு சொல்கிறபடி, 'மேக்ஸ்ஆஃப்' என்று ஓர் அளவை நாமே நிர்ணயிக்கலாம். கிடைத்த பெயர் அந்த அளவுக்கு மேல் தள்ளி இருந்தால் டிபக்கர் பெயரைச் சொல்லாது. வெறும் இலக்கத்தை அச்சிட்டுவிட்டு நின்றுவிடும். இந்தத் தூரத்துக்கு அப்பால் ஒருவர்மேல் ஒன்றைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்பது அதன் அர்த்தம். எவ்வளவு தூரம் என்பது தர்க்கத்தால் தீர்மானிக்கக் கூடியதல்ல. ஆனால் ஓர் எல்லை இருக்க வேண்டும் என்பது தர்க்கம்தான். 22 நிமிஷம் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா? எனக்குத் தெரியாது. அப்படி ஒரு கேள்வி உண்டு என்பதே அன்று என் பிரக்ஞையில் இல்லை.

இரண்டாவது, கேள்விக்குறி. கெர்னல் விழுந்ததும், யார் யாரை அழைத்து இங்கே வந்து சேர்ந்தது என்று லினக்ஸ் ஒரு வரிசை அச்சிடுகிறது. அதில் சில பெயர்களுக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி நிற்கும். இந்தப் பெயரின் தடயம் இங்கே கிடந்தது, ஆனால் இவர் உண்மையில் இந்த வரிசையில் வந்தவரா, அல்லது முன்பு எப்போதோ இந்த வழியாகப் போனவரின் காலடியா என்பது நிச்சயமில்லை என்று பொருள். தடயத்தை மறைக்கவும் இல்லை, குற்றமாக்கவும் இல்லை. அலுவலக இங்கிலீஷில் இந்தக் கேள்விக்குறிக்கு இடமே கிடையாது. நம் விமர்சனத் தமிழிலும் குறைவுதான்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பகுதி இன்னொன்றை அழைத்தால், வேலை முடிந்ததும் திரும்பி வருவதற்காக, அழைத்த இடத்துக்கு அடுத்த இலக்கம் குறித்துவைக்கப்படும். விழுந்தபின் வரிசையைத் தொகுக்க உதவுவது அந்தக் குறிப்புத்தான். ஆனால் கெர்னலில் சில பகுதிகள் திரும்பி வருவதே இல்லை. எல்லாம் முடிந்தது என்று அறிவித்து இயந்திரத்தை நிறுத்தும் 'பேனிக்' அப்படிப்பட்டது. ஒருவன் தன் கடைசிக் காரியமாக அதை அழைத்தால், அதற்குப் பிறகு அவனிடம் செய்ய ஒன்றுமில்லை. ஆகவே குறித்துவைக்கப்பட்ட 'அடுத்த இலக்கம்' அவனுடைய எல்லைக்கு வெளியே, பக்கத்து வீட்டு வாசற்படியில் போய் விழலாம். அப்படியே படித்தால், அழைத்தவன் தப்பித்துவிடுவான். இதில் சம்பந்தமே இல்லாத பக்கத்து வீட்டுக்காரன் வரிசையில் நிற்பான். வித்தியாசம் ஒரே ஓர் இலக்கம். 2011-இல் லினக்ஸில் இதற்கு ஒரு திருத்தம் செய்தார்கள். வரிசையைத் தொகுக்கும்போது கிடைத்த இலக்கத்திலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டுத் தேடு. அவ்வளவுதான். ஒன்றைக் கழி. பெயரைச் சொல்லும் முன் ஓர் அடி பின்னால் வந்து பார். இதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

நான்காவது, பட்டியலையே சந்தேகிப்பது. லினக்ஸில் பெயர்ப்பட்டியல் ஒருகாலத்தில் தனிக் கோப்பாகத்தான் வெளியே இருந்தது. கெர்னலை மாற்றிவிட்டுப் பழைய பட்டியலோடு வாசித்தால், ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு பெயர் கிடைக்கும், நம்பும்படியாக இருக்கும், அத்தனையும் தப்பாக இருக்கும். குப்பையாக வந்தால் கண்டுபிடித்துவிடலாம். ஒழுங்காக வருவதுதான் ஆபத்து. பின்னால் பட்டியலைக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்தார்கள். விண்டோஸில் பெயர்க் கோப்புக்கும் புரோகிராமுக்கும் ஒரே அடையாள எண்ணைப் பொறித்துவைத்து, இரண்டும் பொருந்தாவிட்டால் டிபக்கர் அந்தக் கோப்பை ஏற்க மறுக்கிறது. வேண்டுமென்றால் மனிதன் வற்புறுத்தி ஏற்க வைக்கலாம். அப்போது பொறுப்பு மனிதனுடையது.

பட்டியலைக் கெர்னலுக்குள் வைத்ததிலும் ஒரு சிக்கல் உண்டு. பட்டியல் எழுத எல்லோருடைய இலக்கமும் தெரிய வேண்டும். பட்டியலை உள்ளே வைத்தால் அதுவே இடத்தை அடைத்துக்கொண்டு மற்றவர்களை நகர்த்திவிடுகிறது; இலக்கங்கள் மாறிவிடுகின்றன. எனவே ஒருமுறை கோத்து, பட்டியல் எழுதி, அதைச் சேர்த்து மறுபடி கோத்து, மாறிய இலக்கங்களோடு மறுபடி பட்டியல் எழுதுகிறார்கள். சிலசமயம் மூன்றாம் முறையும் தேவைப்படுகிறது. தன்னைப் பற்றித் தான் எழுதிவைக்கிற குறிப்பு தன்னையே கொஞ்சம் நகர்த்திவிடும் என்பது சுயசரிதை எழுதுகிறவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். இந்தக் கட்டுரைக்கும் அது பொருந்தும். மேலே அந்த அறிக்கையைப் பற்றி எழுதிய பத்தியை நான் மூன்று முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் நான் கொஞ்சம் நல்லவனாகிக்கொண்டே வந்தேன். கடைசியில் முதல் பிரதிக்குத் திரும்பினேன்.

*

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியதையும் பார்க்க வேண்டும்.

பெயரே வேண்டாம், இலக்கத்தை மட்டும் சொல் என்று ஒருவர் வாதிக்கலாம். கேட்கத் தூய்மையாக இருக்கும். ஆனால் வெறும் இலக்கங்கள் நிரம்பிய அறிக்கையை வைத்துக்கொண்டு யாரும் எதையும் திருத்த முடியாது. 'தவறு நடந்துவிட்டது', 'பணம் போய்விட்டது' என்று செய்பவன் இல்லாத வாக்கியங்களை எழுத ஸ்தாபனங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெயரின்மை எளியவனைக் காப்பாற்றுவது அபூர்வம். வலியவனைத்தான் வழக்கமாகக் காப்பாற்றுகிறது. லினக்ஸிலேயே 2011 முதல் ஓர் ஏற்பாடு உண்டு. அதை இயக்கிவிட்டால், சாதாரண உபயோகிப்பாளர் அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது பெயர்கள் தெரியும், இலக்கங்கள் எல்லாம் பூஜ்யமாகத் தெரியும். உண்மையான இலக்கம் அதிகாரமுள்ளவருக்கு மட்டும். காரணம் நியாயமானது, திருடனுக்கு வீட்டின் வரைபடத்தைக் கொடுக்கக்கூடாது. ஆனால் பாதுகாப்பு என்ற சொல்லின் மறைவில் யார் எதை மறைக்கிறார்கள் என்று கேட்பதை அதற்காக நாம் விட்டுவிட முடியாது.

இன்னொரு எதிர்ப்பு ஆழமானது. லினக்ஸை 1991-இல் ஆரம்பித்த லினுஸ் டோர்வால்ட்ஸ், கெர்னலுக்குள் டிபக்கரைச் சேர்ப்பதை வெகுகாலம் எதிர்த்தவர். 2000-இல் அவர் எழுதியதன் சாரம்: டிபக்கர் கையில் இருந்தால் மனிதன் விழுந்த இடத்தையே பார்ப்பான், அந்த இடத்துக்கு ஒட்டுப்போடுவான், முழுவதையும் யோசித்து ஏன் என்று கேட்கமாட்டான். பின்னால் 2008-இலும் 2010-இலும் இரண்டு டிபக்கர்கள் லினக்ஸில் சேர்ந்துவிட்டன என்பது வேறு விஷயம். அவர் சொன்னதில் இருக்கும் உண்மை அதனால் போய்விடவில்லை. யார் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்ததும் ஏன் என்ற கேள்வி செத்துவிடுகிறது. எங்கள் கிளையில் திறந்த கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் வவுச்சர் போடும் பழக்கம் அந்த அம்மாள் போனபிறகும் தொடர்ந்தது. பெயர் கிடைத்துவிட்டதால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆகவே என் நிலை இது. பெயரைச் சொல்லத்தான் வேண்டும்; ஆனால் தூரத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். தூரத்தை நீக்கிச் சொல்லப்பட்ட பெயர், ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தாலும், அவதூறு. தெளிவு என்று நாம் மெச்சிக்கொள்கிற குணத்தில் ஒரு பகுதி இந்த நீக்கலால் கிடைப்பது. இது எனக்கு உவப்பான முடிவல்ல. தெளிவான வாக்கியத்தை ஓர் ஒழுக்கமாகவே நம்பி வளர்ந்தவன் நான்.

*

இதை எல்லாம் ஓர் இலக்கியப் பத்திரிகையில் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நாமும் பட்டியல் வைத்திருப்பவர்கள் என்பதுதான் பதில்.

ஒரு புதுக் கவிஞரின் தொகுப்பு வந்தால், நமக்குத் தெரிந்த பெயர்களில் அதற்கு முந்தி, அதற்கு மிக நெருக்கமாக எது இருக்கிறதென்று தேடுகிறோம். கிடைத்ததும் 'இன்னாருடைய பாதிப்பு' என்று எழுதி முடிக்கிறோம். எவ்வளவு தள்ளி என்று எழுதுவதில்லை. நானும் அப்படி ஏழெட்டு மதிப்புரைகள் எழுதியிருக்கிறேன். பட்டியல் எந்த வருஷத்தியது, அது இந்தக் கவிதைக்குப் பொருந்துகிற பட்டியல்தானா என்று கேட்டுக்கொண்டதில்லை. இலக்கிய வரலாறு எழுதும்போது நடப்பது இன்னும் மோசம். ஒரு பெரிய பெயருக்கும் அடுத்த பெரிய பெயருக்கும் நடுவே எழுதிக்கொண்டிருந்தவர்களின் பெயர் பட்டியலில் இல்லாதபோது, அவர்கள் வசித்த இடம் முழுவதும் முந்தைய பெரியவர் கணக்கில் ஏறிவிடுகிறது. அவர் எவ்வளவு விரிந்தவர் என்று வியக்கிறோம். அந்த விரிவில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு அடுத்த பெயர்வரை இருந்த வெறும் தூரம் என்று யாரும் அளந்து பார்த்ததில்லை. அளப்பதென்றால் நடுவில் இருந்தவர்களைத் தேடிப் போய்ப் படிக்க வேண்டும். அது பல வருஷ வேலை. கேள்விக்குறி போடுவது ஒரு நிமிஷ வேலை, அதையாவது செய்யலாம்.

அந்த அம்மாள் 2020-இல் ஓய்வுபெற்றார். இந்தக் கட்டுரையை எழுத உட்காருவதற்கு முன், பழைய மேலிடத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். இன்ன தேதியிட்ட அறிக்கையை எழுதியவன் நான், அதில் அவர் தாமே செய்ததாகச் சொன்ன கடைசிப் பதிவுக்கும் தவறான பதிவுக்கும் நடுவே 22 நிமிஷம் இருந்தது குறிப்பிடப்படவில்லை, அந்த நேரத்தில் கவுண்டருக்குள் சென்றவர்களில் நானும் ஒருவன் என்று. மற்ற மூவரின் பெயர்களை எழுதவில்லை. அவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவர்கள் உள்ளே போனார்கள் என்பது மட்டும்தான். பதில் வரவில்லை, வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. கடிதத்தின் நகல் ஒன்றை அவருக்கும் அனுப்பினேன். இங்கிலீஷில் எழுதியது. தமிழிலும் ஒன்று எழுதி அதோடு வைத்தேன். தமிழில் அந்த வாக்கியம் அவ்வளவு தெளிவாக வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.